புயல் காலமும் பள்ளிக் கணினிகளும்

(வட்டார அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் கடலோர மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்துகிறேன். கணினி ஆய்வகப் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கப்போகும் இந்த நேரத்தில், பள்ளிக் கணினிகளைப் புயலிலிருந்து காப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய செலவு இல்லாத, நம் கைக்கு எட்டிய வேலைகளை மட்டும் சொல்கிறேன்.

முன்பெல்லாம் புயல் ஓய்ந்ததும் கூரை பறந்ததா, சுற்றுச்சுவர் சாய்ந்ததா என்றுதான் பார்ப்போம். இன்று மாணவர் சேர்க்கை, வருகை, மதிப்பெண், உதவித்தொகை, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் கணினி வழியே நடக்கின்றன. உயர் தொழில்நுட்ப ஆய்வகமும் திறன் வகுப்பறையும் வந்துவிட்டன. புயல் வரும் மாதங்களையும் பாருங்கள். தானே 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்தது. வர்தா 2016 டிசம்பர் 12, கஜா 2018 நவம்பர் 16, ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. எல்லாம் அரையாண்டுத் தேர்வையும் பொதுத்தேர்வு வேலைகளையும் ஒட்டிய நாட்கள். அந்த நேரத்தில் கணினி படுத்துவிட்டால் அலைவது நம் மாணவரின் பெற்றோர்தான்.

‘எங்கள் ஊர் கடலோரம் இல்லையே’ என்று சிலர் நினைக்கலாம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஆனால் கடலிலிருந்து வெகுதொலைவில் இருக்கும் ஊத்தங்கரையில் அதன் தொடர்ச்சியாக ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. ஆகவே இது உள்மாவட்டப் பள்ளிகளுக்கும் உரிய பேச்சு.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். புயலில் தப்பிப் பிழைத்த கருவிகள் பல, புயல் முடிந்தபின் நாம் அவசரப்பட்டு சுவிட்சைப் போடும் நொடியில் கெட்டுப்போகின்றன. எனவே முன்னேற்பாடு பாதி வேலை, பின்பொறுமை மீதி வேலை.

முதலில் முன்னேற்பாடு. வானிலை ஆய்வுத் துறை படிப்படியாகச் செய்தி தருகிறது. புயல் உருவாகக்கூடும் என்ற முன்கண்காணிப்புச் செய்தி ஏறத்தாழ 72 மணி நேரத்துக்கு முன்பே வந்துவிடும். கடலோரத்தில் வானிலை மோசமடைவதற்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் அடுத்த கட்டமும், 24 மணி நேரத்துக்கு முன் அதற்கடுத்த கட்டமும் வரும். நம் வேலைகளையும் இந்த மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் கட்டச் செய்தி வந்ததும் தரவுகளைப் படியெடுங்கள். இணையத்தில் ஏற்றிய விவரம் அங்கே பத்திரமாக இருக்கும். மதிப்பெண் பட்டியல், கணக்கு, கடிதங்கள், வினாத்தாள்கள் போன்றவை அலுவலகக் கணினியில் மட்டுமே இருக்கும். கணினித் துறையில் இதற்கு எளிய விதி ஒன்று உண்டு: மூன்று படிகள், இரண்டு வகைக் கருவிகளில், ஒன்று வேறு இடத்தில். நான் பார்த்த ஒரு பள்ளியில் பென்டிரைவில் படியெடுத்து, அதே அறையின் பீரோவில் கீழ்த்தட்டில் வைத்திருந்தார்கள். தண்ணீர் இரண்டையும் சேர்த்தே நனைத்தது. ஒரு படி தலைமையாசிரியர் பொறுப்பில் மேடான வேறிடத்தில் இருக்கட்டும். அதில் பிள்ளைகளின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும் என்பதால் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி வைப்பது சேமிப்பு ஆகாது. படியெடுத்தபின் ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள். திறக்காத படி இல்லாததற்குச் சமம்.

அன்றே ஒவ்வொரு கருவியையும் அதன் வரிசை எண் தெரியும்படி செல்பேசியில் படம் எடுத்து, இருப்புப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பின்னால் சேத அறிக்கை எழுதும்போது இந்தப் படங்கள் பேசும்.

இரண்டாம் கட்டத்தில் அறையைப் பாருங்கள். சன்னல் கொக்கி விழுகிறதா, மேல்தளத்து மழைநீர்க் குழாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பல அறைகளில் தண்ணீர் வாசல் வழியாக வருவதில்லை. மொட்டைமாடியில் தேங்கி, கூரை வழியாகத்தான் ஒழுகுகிறது. ஒரு கூடை இலையை அள்ளிப் போடுவது ஓர் ஆய்வகத்தைக் காப்பாற்றிவிடும். ஆனால் மாடியில் ஏற மாணவர்களை அனுப்பாதீர்கள். கனமான கருவிகளைத் தூக்கவும் அவர்களைப் பயன்படுத்த வேண்டாம்.

மூன்றாம் கட்டத்தில் கழற்றி, உயர்த்தி, மூட வேண்டும். விடுமுறை அறிவிப்பு பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோதான் வருகிறது. நம்மில் பலர் வெளியூரிலிருந்து பேருந்தில் வருபவர்கள். ஆகவே இந்த வேலை முந்தைய நாள் மாலையே முடிந்துவிட வேண்டும்.

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். இணைய வயரையும் கழற்றுங்கள். செம்புக் கம்பி எதுவானாலும் இடிமின்னலின் அதிர்ச்சியை உள்ளே கொண்டுவரும். புரொஜெக்டர் குளிர்ந்தபின் கழற்ற வேண்டும். யுபிஎஸ்ஸை அணைத்து, விவரம் தெரிந்தவரைக் கொண்டு பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். வெளி மின்சாரம் இல்லாவிட்டாலும் பேட்டரியில் மின்சாரம் இருக்கும். தண்ணீர் புகுந்த அறையில் அது ஆபத்து.

தரையில் இருக்கும் சிபியூ, யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பலகை எல்லாவற்றையும் மேசைமேல் ஏற்றுங்கள். வெள்ளம் வரும் பள்ளி என்றால் மாடி அறைக்குக் கொண்டுபோங்கள். சன்னலை ஒட்டி எதையும் வைக்க வேண்டாம். கருவி சூடு ஆறியபின் பாலிதீன் உறை போட்டு, கீழ்ப்பக்கம் கட்டுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளேயே ஈரம் பூக்கும். வயர்களைக் கழற்றும்போது ஒரு துண்டுத் தாளில் எண் எழுதி ஒட்டிவைத்தால் திரும்ப மாட்டுவது எளிது.

இன்னொன்றும் உண்டு. புயல் நேரத்தில் நம் பள்ளிதான் நிவாரண முகாம். மக்கள் வந்து தங்குவார்கள். செல்பேசிக்குச் சார்ஜ் கேட்பார்கள். உறவினருக்கு ‘உயிரோடு இருக்கிறோம்’ என்று சொல்ல அவர்களுக்கு அந்த ஒரு வழிதான் இருக்கும். ஆய்வகத்தைப் பூட்டிவிட்டோம் என்று கைவிரிப்பது முறையல்ல. வேறொரு அறையில் ஈரமில்லாத இடத்தில் சில பிளக் பாயிண்டுகளை அவர்களுக்கென ஒதுக்கிவிட்டால், யாரும் ஆய்வகப் பூட்டில் கை வைக்க மாட்டார்கள். சாவி யாரிடம் என்பது உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

புயல் அடிக்கும்போது செய்வதற்கு ஒன்றுமே இல்லை. கணினியைப் பார்க்க என்று யாரும் வெளியே கிளம்ப வேண்டாம். கணினியை அரசு மறுபடியும் தரும். உயிரை யாராலும் தர முடியாது.

இனி பின்பொறுமைக்கு வருகிறேன். கஜாவுக்குப் பின் டெல்டாவின் பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள், சில இடங்களில் வாரங்கள் ஆயின. வெளிச்சம் வந்ததும் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கத்தான் கை துடிக்கும். அங்கேதான் நிதானம் வேண்டும்.

அறிவியல் ஆசிரியராகக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் கருவிகள் 230 வோல்ட்டுக்கானவை. மும்முனை இணைப்பில் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். புயலில் நியூட்ரல் கம்பி அறுந்தோ தளர்ந்தோ போயிருந்தால், ஒரு முனையில் ஓடும் கருவிக்கும் அந்த அளவை நெருங்கி மின்னழுத்தம் பாயக்கூடும். ஸ்பைக் கார்டு நொடிப்பொழுதின் எழுச்சியைத் தாங்கும். நீடிக்கும் உயர் அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே மின்சாரம் வந்ததும் முதலில் ஒரு பல்பைப் போட்டுப் பாருங்கள். அளவுக்கு மீறிப் பிரகாசித்தாலோ மங்கி மங்கி எரிந்தாலோ மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். அறையில் தண்ணீர் புகுந்திருந்தால் அந்தப் பல்பையும் போட வேண்டாம். மின்பணியாளர் பார்த்தபின்தான் மெயினையே தொட வேண்டும். ஈரத் தரையில் நின்று சுவிட்சைத் தொடுவது மரணத்தோடு விளையாடுவது.

நனைந்த கருவியை எந்தக் காரணத்துக்காகவும் இயக்கிப் பார்க்காதீர்கள். தண்ணீர் மட்டும் கருவியைக் கெடுப்பதில்லை. அதில் கரைந்த உப்பும் சேறும், கூடவே மின்சாரமும் சேர்ந்தால் சர்க்யூட் தடங்களை அரித்துவிடும், குறுக்கிணைப்பும் ஏற்படும். மின்சாரம் பாயாதவரை பிழைக்க வாய்ப்பு உண்டு. வெளியே காய்ந்தாலும் பாகங்களின் அடியில் ஈரம் நிற்கும். கடும் வெயிலில் வைப்பதும், முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றுவதும், அரிசி மூட்டைக்குள் புதைப்பதும் பயன் தராது. காற்றோட்டமான நிழலில் வைத்து, தொழில்நுட்பரிடம் கொடுங்கள். முக்கியத் தரவுள்ள ஹார்டு டிஸ்க் நனைந்தால், நாமே திறக்கக் கூடாது. மடிக்கணினியின் பேட்டரி நனைந்தாலோ உப்பினாலோ தீப்பிடிக்கலாம். அதை அறைக்கு வெளியே தனியாக வையுங்கள்.

நனையாத கருவிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. புயல் ஓய்ந்ததும் உறையைத் திறந்து காற்றாட விடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக இயக்குங்கள். ஜெனரேட்டர் வைத்தால் கட்டடத்துக்கு வெளியே, சன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். அதன் புகை மணமில்லாமலே ஆளைக் கொல்லும்.

இவ்வளவையும் நினைவில் வைத்திருக்க முடியாது. ஒரே பக்கத்தில் எழுதி ஆய்வகக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். யார் எதைச் செய்வது என்று பெயரையும் எழுதுங்கள். ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் ஒருநாள் மாலை கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒத்திகை பாருங்கள். இருட்டுவதற்குள் முடிகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

புயல் போன மறுவாரம் ஒரு தாய் வந்து, ‘வீட்டில் இருந்த சான்றிதழெல்லாம் தண்ணியில போயிடுச்சு சார்’ என்பார். ‘கவலைப்படாதீங்கம்மா, எங்ககிட்ட இருக்கு’ என்று நாம் சொல்ல முடிய வேண்டும்.