அறிந்து விலகுவோம்: தின வணிகமும் முன்பேர வணிகமும்

(இஷாத் தொழுகைக்குப் பின் நமது பள்ளிவாசலில் ஜமாஅத்தார் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் இறைவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

இன்று நாம் பேச வந்திருப்பது பிறருடைய தவறைப் பற்றி அன்று. நம்முடைய தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறோம்.

ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் நம் ஜமாஅத் இளைஞர் ஒருவர் ஒருநாள் காலை நம்மிடம் வந்தார். இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்தில் வந்து இறங்கியவர், வீட்டுக்கும் செல்லாமல் பள்ளிவாசலுக்கு வந்திருந்தார். "ஹஜ்ரத், போனில் டிரேடிங் செய்வது கூடுமா?" என்று கேட்டார். டிரேடிங் என்றால் வியாபாரம். வியாபாரத்தை அல்லாஹ் ஹலாலாக்கி இருக்கிறான். ஆகவே, "ஹராமான பொருளை விற்காத வரை கூடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் செய்யவிருந்தது என்ன என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்று நமக்கு விளங்கியிருக்காது.

ஏழு மாதங்கள் கழித்து அவர் மீண்டும் வந்தார். சேமிப்பு போயிருந்தது. மனைவியின் நகை அடகுக் கடையில் இருந்தது. போன் செயலிகள் மூன்றில் வட்டிக்குக் கடன். "நீங்கள் கூடும் என்று சொன்னீர்களே, ஹஜ்ரத்" என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நமக்குப் பாரம் குறைந்திருக்கும்.

அறியாத ஒன்றுக்கு மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை அன்று உணர்ந்தோம். வணிகவியல் படித்த நம் ஜமாஅத் சகோதரர் ஒருவரை அழைத்து, நான்கு நாட்கள் மஃரிபுக்குப் பின் மாணவரைப்போல் அமர்ந்து பாடம் கேட்டோம். கற்றதை உங்கள் முன் வைப்பது நம் மீதுள்ள கடன்.

பங்கு என்பது என்ன?

முதலில் பங்கை அறிவோம். ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்குபவர் அதன் சொத்திலும் இலாப நஷ்டத்திலும் சிறு கூட்டாளி ஆகிறார். நம் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கும் ஹூண்டாயின் இந்திய நிறுவனம் 2024 அக்டோபரில் பங்குச் சந்தைக்கு வந்தது. அதன் பங்கைப் பொதுமக்கள் இன்று வாங்கலாம். கூட்டு வணிகம் மார்க்கத்திற்குப் புதியதன்று. நிறுவனத்தின் தொழில் ஹலாலாக இருக்க வேண்டும். அதன் வட்டிக் கடனும் வட்டி வருமானமும் அறிஞர்கள் வகுத்த அளவைத் தாண்டக் கூடாது. இந்த நிபந்தனைகளோடு பங்கு வாங்கி வைத்திருப்பதைப் பல அறிஞர்கள் அனுமதிக்கின்றனர். இவ்வாறு சலித்தெடுத்த நிறுவனங்களுக்கென மும்பைப் பங்குச் சந்தை 2010இல் ஷரீஆ குறியீடு ஒன்றைத் தொடங்கியது. ஆகவே பங்குச் சந்தை முழுவதும் சூது என்று நாம் சொல்லவில்லை.

தின வணிகம்

சந்தை காலை 9.15க்குத் திறந்து பிற்பகல் 3.30க்கு மூடுகிறது. அந்த நேரத்துக்குள் வாங்கி, அன்றே விற்றுத் தீர்ப்பது 'இண்ட்ராடே' எனும் தின வணிகம். 2023 ஜனவரி முதல் நம் நாட்டில் வாங்கிய பங்கு மறு வேலை நாளில் டீமேட் கணக்குக்கு வந்து சேர்கிறது. தின வணிகரோ அது வந்து சேரும் முன்பே விற்றுவிடுகிறார். பொருள் அவர் கைக்கு வருவதே இல்லை. கையில் இல்லாத பங்கை முதலில் விற்று, விலை இறங்கிய பின் வாங்கி ஈடு செய்யும் 'ஷார்ட்' முறையும் உண்டு. தன்னிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபிகளார் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை மதரஸா மாணவரும் அறிவர். இதற்குமேல் தரகு நிறுவனம், கையிருப்பைப்போல் ஐந்து மடங்கு வரை வணிகம் செய்ய இடமளிக்கிறது. நஷ்டமும் அதே ஐந்து மடங்கில் வரும் என்பதைப் புதியவர்கள் பின்னரே உணர்கின்றனர்.

முன்பேர வணிகம்

முன்பேர வணிகத்தின் தோற்றத்தில் ஒரு நியாயம் இருந்தது. ஜப்பானின் ஒசாகா நகரில் 1730இல் அரிசிக்கும், அமெரிக்காவின் சிகாகோவில் 19ஆம் நூற்றாண்டில் தானியத்துக்கும் இத்தகைய சந்தைகள் அமைந்தன. விளைவிப்பவருக்கும் வாங்குபவருக்கும் விலை ஏற்ற இறக்கத்திலிருந்து பாதுகாப்புத் தேவைப்பட்டது. நம் நாட்டில் பங்குக் குறியீட்டின் மீதான ஃப்யூச்சர்ஸ் 2000 ஜூனிலும், ஆப்ஷன்ஸ் 2001 ஜூனிலும் தொடங்கின. குறியீடு என்பது ஓர் எண். அதை எவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. அந்த எண் ஏறுமா, இறங்குமா என்பதில் இருவர் எதிரெதிராக நிற்கின்றனர். ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதே.

ஒரு கணக்குப் பார்ப்போம். குறியீடு 25,000, ஒரு லாட் 75 என்று கொள்வோம். ஒப்பந்தத்தின் மதிப்பு 18,75,000 ரூபாய். இதில் சிறு பகுதியை மட்டும் 'மார்ஜின்' எனும் முன்பணமாகக் கட்டுகிறோம். குறியீடு 200 புள்ளிகள் இறங்குகிறது. அது ஒரு சதவீதம்கூட இல்லை. நம் நஷ்டமோ 200 பெருக்கல் 75, அதாவது 15,000 ரூபாய். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் ஏறத்தாழ ஒரு மாத உழைப்பு, ஒரு தேநீர் இடைவேளைக்குள் கரைந்துவிடுகிறது.

ஆப்ஷன் இன்னும் கவர்ச்சியானது. 100 ரூபாய் வீதம் 75க்கு 7,500 ரூபாய் கட்டினால் போதும். ஆனால் காலாவதி நாளில் நாம் எதிர்பார்த்த எல்லையைக் குறியீடு தாண்டாவிட்டால், மாலைக்குள் அதன் மதிப்பு சுழியம். இஸ்லாமிய நாடுகளின் ஃபிக்ஹு அகாடமி 1992இல் ஜித்தாவில் கூடி, ஆப்ஷன் ஒப்பந்தங்களும் குறியீட்டின் மீதான வணிகமும் கூடாது என்று தீர்மானித்தது. அன்று இதை நாம் அறிந்திருந்தால் அந்த இளைஞருக்கு வேறு பதில் சொல்லியிருப்போம்.

எண்கள் சொல்லும் சாட்சி

மார்க்கத்தை ஒருபுறம் வைத்து, அரசு அமைப்பான 'செபி' என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2024 செப்டம்பரில் அது வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தனர். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். செலவுகள் போக ஒரு லட்சத்துக்கு மேல் இலாபம் கண்டவர்கள் ஒரே ஒரு சதவீதத்தினர். ஈடுபட்டோரில் நான்கில் மூன்று பங்கினர் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்கும் குறைவானவர்கள். பங்குகளின் தின வணிகத்திலும் 2022-23இல் பத்தில் ஏழு பேர் இழந்ததாக மற்றோர் ஆய்வு கூறுகிறது.

அந்தப் பணம் எங்கே சென்றது? இலாபத்தின் பெரும் பகுதி, கணினி நிரல்களால் நொடிக்குள் வணிகம் செய்யும் பெரு நிறுவனங்களுக்குச் சென்றது என்று அதே ஆய்வு காட்டுகிறது. இரவெல்லாம் இயந்திரத்தின் முன் நின்றுவிட்டு, தூக்கம் கலையாத கண்ணோடு காலை 9.15க்குப் போனைத் திறக்கும் நம் பிள்ளை மோதுவது அவர்களோடுதான்.

"முறையாகக் கற்றுக்கொண்டால் வெல்லலாம்" என்று வகுப்புகளுக்குக் கட்டணம் கேட்பவர்கள் உள்ளனர். 2023 அக்டோபரில், 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் வணிகப் பயிற்சி விற்ற ஒருவர் மீது செபி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பயிற்சி என்ற பெயரில் திரட்டிய 17 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையை ஒப்படைக்கச் சொன்ன அந்த உத்தரவு, அவரே தம் வணிகத்தில் ஏறத்தாழ 3 கோடி இழந்திருந்ததையும் குறிப்பிட்டது. வியாபாரம் தெரிந்தவர் வியாபாரம் செய்கிறார். பாடம் விற்பதிலேயே வருமானம் காண்பவரிடம் நாம் என்ன கற்போம்?

"சட்டம் அனுமதிக்கிறதே" என்பர் சிலர். டாஸ்மாக் கடையும் சட்டப்படிதான் திறந்திருக்கிறது. நாட்டின் வருமான வரிச் சட்டமே தின வணிகத்தை 'ஊக வணிகம்' என்றுதான் வகைப்படுத்துகிறது.

நம் வேண்டுகோள்

அருமைச் சகோதரர்களே! நம் பிள்ளைகளைப் பேராசைக்காரர்கள் என்று பழிப்பது எளிது. இந்தப் பகுதியின் நிலையை நாம் மறக்கலாகாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்ததை நாம் கண்டோம். நாளை வேலை இருக்குமா என்று அறியாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு, போனில் தெரியும் பச்சை நிறம் நம்பிக்கையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அந்த நம்பிக்கையை வேறு வழியில் தருவது ஜமாஅத்தின் பொறுப்பு.

இளைஞர்களே, இழந்ததை மீட்க மீண்டும் இழக்காதீர்கள். செயலியை இன்றிரவே நீக்குங்கள். வேலை நேரத்தில் விலை பார்க்கும் கண், பிரஸ் இயந்திரத்தில் விரலைப் பறிகொடுக்கச் செய்யும் என்பதையும் நினையுங்கள். பெற்றோர்களே, பிள்ளை உண்மையைச் சொல்லும்போது முதலில் கேளுங்கள்; ஏச்சைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். மறைக்கும் கடனே வட்டியில் வளர்கிறது. நிர்வாகக் குழுவினரே, இவ்வகைக் கடனில் சிக்கியோர் வட்டிச் செயலிகளிலிருந்து மீள, பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனுக்கென ஒரு தொகையை ஒதுக்குமாறு பணிவோடு வேண்டுகிறோம். பெற்றவரின் பெயர் வெளியே வரக் கூடாது. வணிகக் கணக்கை மூடுவதே நிபந்தனையாக இருக்கட்டும்.

மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள், தமக்கு வழங்கப்பட்ட செல்வத்தில் பாதியை ஏற்காமல் சந்தைக்கு வழி கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றே தொடங்கினார்கள். பொருள் இருந்தது, உழைப்பு இருந்தது, வாங்கியவருக்கும் பயன் இருந்தது. அதுவே வியாபாரம்.

அந்த இளைஞர் இன்று மாதந்தோறும் கடனை அடைத்து வருகிறார். நகை இன்னும் மீளவில்லை. அவரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். இன்று உங்கள் முன்னும் கேட்கிறோம். இனி இப்படி ஒரு கேள்வியோடு வருபவரிடம், முதலில் அமரச் சொல்லி, செய்வது என்ன என்று முழுமையாகக் கேட்ட பின்னரே பதில் சொல்வோம்.

யா அல்லாஹ்! எங்கள் ரிஸ்கை ஹலாலாக்குவாயாக, அதில் பரக்கத் செய்வாயாக, கடனாளிகளின் கடனை நீக்குவாயாக, அறியாமல் பேசும் நாவிலிருந்து எங்களைக் காப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.