வழக்குத் தொடுக்குமுன் கவனிக்க வேண்டியவை
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நம்மவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வழக்கு என்பது மனக்குறையைக் கொட்டுவதல்ல. யார் கேட்கிறார், யாரிடம் கேட்கிறார், என்ன நடந்தது, எவ்வளவு வேண்டும் என்பதைத் தேதியோடு எழுத்தில் வைப்பதாகும். துரை கெட்டவர் என்று நாலு பக்கம் எழுதி, எந்தக் கடமையை மீறினார் என்று ஒரு வரியும் எழுதாவிட்டால், வழக்குக்குக் காரணமே இல்லையென்று விசாரணைக்கு முன்பே மனுவைத் தள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

யாரிடம் கேட்பது என்பதில்தான் தடுமாற்றம் அதிகம். தோட்டத்தை நாம் பழைய கங்காணி பெயரால் அழைப்போம். பெயர்ப்பலகையில் வேறொன்று இருக்கும். அந்தப் பெயர்களின் மேல் வழக்குப் போட முடியாது. தோட்டத்தை நடத்தும் கம்பெனிதான் பிரதிவாதி. சம்பளச் சீட்டில் முதலாளி பெயர் என்னவென்று பாருங்கள். படிக்க இயலாதவர்களுக்குக் கிராணிமார் துணை நிற்க வேண்டும்.

பெயர் பிசகினால் எல்லாம் போயிற்றென்று அஞ்ச வேண்டாம். நடைமுறைப் பிழையால் மட்டும் வழக்கு செல்லாததாகிவிடாது என்பது 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதி. உண்மையாகவே நேர்ந்த பெயர்ப்பிழையை அனுமதி பெற்றுத் திருத்தலாம். எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்ட நேரலாம், அவ்வளவுதான்.

காலம் தப்பினால் கதை வேறு. தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்த மீறலுக்கு, 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி 6 ஆண்டு. அரசாங்கத்தின் மேல் என்றால் 36 மாதம். லாரி மோதி ஒருவர் இறந்தால், அவர் சம்பாத்தியத்தை நம்பியிருந்த குடும்பம் வழக்குத் தொடுக்க, 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் தருகிறது. காரியம் முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வழி தேடுவதற்குள் ஓராண்டு ஓடும். பிறகு இன்சூரன்ஸ்காரர் "கவனிக்கிறோம்" என்று கடிதம் போட்டுக்கொண்டேயிருப்பார். கடிதப் போக்குவரத்து காலத்தை நிறுத்தாது. இதை ஒவ்வொரு லயத்திலும் சொல்லுங்கள்.

வேலைநீக்கத்துக்கு வழியே தனி. 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும்.

சிறு தொகை வழக்குகளுக்கு 2012ஆம் ஆண்டு விதிகள் வகுத்த உச்சம் 5,000 வெள்ளி. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கறிஞர் இல்லாமலே, 198ஆம் எண் படிவத்தை நிரப்பி நீங்களே தொடுக்கலாம். படிவத்தில் கையெழுத்திடுமுன் சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு கிளைச் செயலாளரிடம் வாருங்கள். தேதிகளைச் சேர்ந்து சரிபார்ப்போம்.