விட்டுவிடத் தெரிந்த கணினி



சதுரங்கத்தில் ஒரு சாதாரண நிலையில் ஏறத்தாழ 30 விதமாகக் காய் நகர்த்தலாம். எதிராளியும் 30 விதமாகப் பதில் ஆடலாம். இருவரும் இப்படி இரண்டிரண்டு முறை ஆடுவதற்குள் 8,10,000 வழிகள் விரிந்துவிடும். அத்தனையையும் பார்க்க நேரம் போதாது. பார்க்காமல் விட்டதிலோ தோல்வி ஒளிந்திருக்கலாம். கணினிக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுக்க முனைந்தவர்கள் முட்டி நின்ற இடம் இதுதான்.

இந்தத் தேடலுக்கு இலக்கணம் வகுத்தவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த கிளாட் ஷானன். என் முறையில் எனக்கு மிக நல்லதை நான் எடுப்பேன். எதிராளி தன் முறையில் எனக்கு மிகக் கெட்டதையே எடுப்பார். இப்படி வைத்துக் கணக்கிடச் சொன்னது 1950இல் அச்சான அவருடைய கட்டுரை. எல்லா வழிகளையும் அலசலாம், அல்லது தேறும் வழிகளை மட்டும் பார்க்கலாம் என்றும் அவர் எழுதினார்.

1950களின் பிற்பகுதியில் அலெக்ஸ் பெர்ன்ஸ்டைன் குழுவினர் இரண்டாவது வழியில் போனார்கள். ஐபிஎம் 704 கணினியில் ஓடிய அவர்களது நிரல், ஒவ்வொரு கட்டத்திலும் 7 நகர்த்தல்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் பார்த்தது. அப்படியும் ஒரு முறை ஆட சுமார் 8 நிமிடம் பிடித்தது. எட்டாவது நகர்த்தல்தான் சிறந்தது என்றால், அது அதன் கண்ணிலேயே படாது.

ஊகித்து விடுவதில் உள்ள இந்த ஆபத்து, தீர யோசித்து விடுவதில் இல்லை. ஒரு நகர்த்தலை முழுக்க ஆராய்ந்து, அதனால் எனக்குச் சேதமில்லை என்று கண்டுகொண்டேன் என வைத்துக்கொள்வோம். அடுத்ததை ஆராயத் தொடங்கியதும், எதிராளியின் ஒரு பதிலிலேயே என் ராணி வெட்டுப்படுகிறது. ஈடாக எனக்கு எதுவும் கிடைக்காது. அவருடைய மற்ற 29 பதில்களை நான் ஏன் பார்க்க வேண்டும்? அவை எப்படி இருந்தாலும், அந்த நகர்த்தல் முதலாவதைவிடத் தாழ்ந்ததுதான். இதுவே ஆல்பா-பீட்டா முறை. ஜான் மெக்கார்த்தி, நியூவெல், ஷா, சைமன், சோவியத் நாட்டின் புருத்னோ என ஆய்வாளர்கள் பலரும் 1950களிலும் 60களிலும் இதை எட்டினார்கள்.

நல்ல நகர்த்தல்களை முதலில் ஆராயும்படி வரிசை அமைந்துவிட்டால், அந்த 8,10,000 வழிகளில் 1,799ஐப் பார்த்தாலே போதும். விடையில் துளியும் மாற்றமிருக்காது.

1997இல் சதுரங்க உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் புளூ கணினி நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்ததை உலகம் வியந்தது. அந்த வேகத்துக்கு அடியிலும் ஓடியது ஆல்பா-பீட்டாதான். வேகம் ஆண்டுதோறும் கூடும். எதைப் பார்க்கத் தேவையில்லை என்று நிரூபித்துக் காட்டிய அந்த அறிவையே நான் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.