உரியவரைத் தேடும் வைப்புத்தொகை



குடும்பத் தலைவர் ஒருவர் மறைந்து, துக்க நாள்களும் கழிந்த பின், அவருடைய பழைய பெட்டி திறக்கப்படுகிறது. நிலப்பத்திரமும் வரி ரசீதுகளும் மேலே இருக்கும். அடியில், மை மங்கிய வங்கிக் கணக்குப் புத்தகம் ஒன்று கிடக்கும். அதிலுள்ள வங்கியின் பெயரை மகன் கேள்விப்பட்டிருக்கவே மாட்டான். "இந்த வங்கிதான் இப்போது இல்லையே" என்று அதை மீண்டும் பெட்டியில் வைத்துவிடுவான். மறைந்தது வங்கியின் பெயரேயன்றிப் பணம் அன்று என்பதை அவனுக்கு எடுத்துச்சொல்ல அருகில் எவரும் இருப்பதில்லை.

பத்தாண்டுகள் வரவு செலவு இன்றிக் கிடக்கும் சேமிப்புக் கணக்கும், முதிர்வு நாளுக்குப் பின் பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் நிரந்தர வைப்பும் 'உரிமை கோரப்படாத வைப்புத்தொகை' எனப்படும். 2014ஆம் ஆண்டில் இதற்கெனவே வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதியத்தை ரிசர்வ் வங்கி ஏற்படுத்தியது. இத்தகைய தொகைகளை வங்கிகள் அந்நிதியத்துக்கு மாற்றிவிடுகின்றன. மாற்றப்பட்ட பிறகும் உரிமை அற்றுப்போவதில்லை. உரியவர் வந்து கேட்டால் வங்கி கொடுத்தே ஆகவேண்டும். கொடுத்ததை நிதியத்திடமிருந்து வங்கி பெற்றுக்கொள்ளும். வட்டி ஈட்டும் வைப்பாயின், நிதியத்தில் இருக்கும் காலத்துக்கும் வட்டி உண்டு. 2021 மே 11 முதல் அது ஆண்டுக்கு 3 விழுக்காடு தனிவட்டி என வகுக்கப்பட்டது.

2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் இவ்வாறு மாற்றிய தொகை ஏறத்தாழ 35,012 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் பணம் அது. கணக்குக்குச் சராசரி பார்த்தால் நான்காயிரம் ரூபாயைக்கூட எட்டாது. சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களின் பணமே இதில் மிகுதி என்று கொள்ள இந்த ஒரு கணக்கே போதும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு வங்கியின் பட்டியலையும் தனித்தனியே தேடவேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்னும் இணையத்தளத்தைத் தொடங்கியது. வடமொழியில் அச்சொல்லுக்கு ஊற்றுக்கண் என்பது பொருள், பொருத்தமான பெயர்தான். ஏழு வங்கிகளுடன் தொடங்கிய அத்தளத்தில், அடுத்த ஆண்டு மார்ச்சுக்குள் முப்பது வங்கிகள் இணைந்தன. கைப்பேசி எண்ணைப் பதிவு செய்து, கணக்குதாரரின் பெயரையும் வங்கியையும் குறிப்பிட்டு, அவருடைய பான் எண், வாக்காளர் அட்டை எண், ஓட்டுநர் உரிம எண், கடவுச்சீட்டு எண், பிறந்த நாள் ஆகியவற்றுள் ஒன்றையேனும் தந்து தேடலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

தமிழர் பெயர்களில்தான் இடர்ப்பாடு. தரணேந்திரன் என்னும் பெயரின் முதலெழுத்தை ஆங்கிலத்தில் 'டி' என்று மட்டும் எழுதுவோர் உண்டு. 'டி', 'எச்' இரண்டையும் சேர்த்து எழுதுவோரும் உண்டு. தந்தை பெயரின் தலைப்பெழுத்து ஒரு கணக்கில் முன்னே நிற்கும், மற்றொன்றில் பின்னே நிற்கும், வேறொன்றில் தந்தையின் முழுப்பெயராகவே விரிந்திருக்கும். பிறந்த நாளோ, பள்ளியில் சேர்த்த ஆசிரியர் எழுதியது ஒன்று, வீட்டார் அறிந்தது வேறொன்று! ஆகவே, ஒருமுறை தேடி 'இல்லை' என்று வந்தவுடன் கைவிடலாகாது. கணக்குப் புத்தகத்தில் எழுத்துகள் எவ்வாறு உள்ளனவோ அவ்வாறே முதலில் தேடி, பின்னர் மாற்றி மாற்றித் தேடவேண்டும்.

வங்கியின் பெயரிலும் இதே கருத்து வேண்டும். தமிழ்நாட்டார் பலர் பணம் போட்டிருந்த பாங்க் ஆஃப் தஞ்சாவூர் 1990இல் இந்தியன் வங்கியுடனும், அதே ஆண்டில் பாங்க் ஆஃப் தமிழ்நாடு இந்தியன் ஓவர்சீஸ் வங்கியுடனும் இணைந்தன. பாங்க் ஆஃப் மதுரா 2001இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியில் கலந்தது. லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. பெட்டியடியில் கிடக்கும் புத்தகத்துக்குரியவர் இன்றைய பெயரில் தேடவேண்டும்.

தளத்தில் பெயர் கிடைத்தால் பணம் கிடைத்துவிட்டதாகப் பொருள் இல்லை. அங்கே கிடைக்கும் குறிப்பெண்ணுடன் வங்கிக் கிளைக்குச் செல்லவேண்டும். இறப்புச் சான்றிதழும் உரிமை கோருவோரின் அடையாளச் சான்றும் கேட்கப்படும். நியமனதாரர் குறிக்கப்படாத கணக்காயின் வாரிசுகளைப் பற்றிய சான்றுகளும் தேவைப்படும். நியமனதாரரே பணத்துக்கு முழு உடைமையாளர் என்று பலர் கருதுகின்றனர். உடன்பிறந்தாரிடையே மனக்கசப்பு முளைப்பதும் இங்கேதான். அவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெறும் தகுதியுடையவர் மட்டுமே. வாரிசுகளின் உரிமை அவரால் நீங்குவதில்லை.

தேடுவோரை நாடி ஏமாற்றுவோரும் வருவர். "உங்கள் தந்தையின் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று எவரேனும் அழைத்தால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடவேண்டும். தளத்தில் பதிவு செய்யும்போது கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண், பதிவு செய்பவர் மட்டும் இட்டு நிரப்புவதற்குரியது.

கணவருக்கு எந்தெந்த வங்கியில் கணக்கு உண்டு என்பதை அறியாத தாய்மார்கள் இன்றும் பல இல்லங்களில் உள்ளனர். கேட்டால் தவறாக எண்ணுவாரோ என்னும் தயக்கம் அவர்களுக்கு. சொல்ல என்ன அவசரம் என்னும் அலட்சியம் அவருக்கு. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நால்வர் வரை நியமனதாரராகக் குறிக்கச் சட்டம் இடம் தந்துள்ளது. மனைவியின் பெயரும் மக்கள் பெயரும் அதில் ஏறியுள்ளனவா என்பதைக் கணவர் உயிருடன் இருக்கும்போதே கிளைக்கு உடன் சென்று பார்த்துவிடலாம், அரைநாள் வேலை.

உத்கம் தளம் வங்கி வைப்புகளுக்கு மட்டுமே உரியது. அஞ்சலகச் சேமிப்பை அதில் காண இயலாது. அந்தப் புத்தகம் பெட்டியில் இருந்தால், கணக்குத் தொடங்கிய அஞ்சலகத்திலேயே நேரில் விசாரிக்கவேண்டும்.