'ரைஸ்' என்றால் என்ன, மூத்தாப்பா?



மூன்றாம் ஆண்டில் படிக்கும் என் பேத்தி ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாகக் கொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். 'ரைஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே 'சோறு' என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையால் ஒரு புள்ளடி. பக்கத்தில் 'அரிசி' என்று திருத்தம்.

"அப்ப உம்மா ஆக்குறது ரைஸ் இல்லையா, மூத்தாப்பா?" என்று கேட்டாள்.

முதல்நாள் இரவு 'சோறு' என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அவள் எழுதியதும் பிழையில்லை; திருத்தியதும் பிழையில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று கணக்குத் தீர்த்துவிட்ட என் அவசரம்தான் பிழை.

அவளைக் குசினிக்குக் கூட்டிப்போனேன். அரிசிப் பானையைத் திறந்து காட்டினேன். சோற்றுப் பானையையும் திறந்து காட்டினேன். "இதுவும் ரைஸ், அதுவும் ரைஸ்" என்றேன். வட்டையிலே விளைந்து நிற்கும் வேளாண்மையை நம் நாட்டு ஆங்கிலத்தில் 'பெடி' என்பார்கள். அது மலாய் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். நெல்லை நம்பிச் சீவிக்கும் கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர்ப் பிள்ளைக்கு நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு. நாம் எதனோடு வாழ்கிறோமோ அதற்கு நம்மிடம் சொற்கள் பெருகுகின்றன. இதை அறிந்த பிள்ளைக்கு ஆங்கிலமும் விளங்கும். தன் மொழியின் பெறுமதியும் விளங்கும்.

உறவு முறைகளைப் பாருங்கள். காக்காவும் 'பிரதர்', தம்பியும் 'பிரதர்'. மாமாவும் 'அங்கிள்', சாச்சாவும் 'அங்கிள்', பெரியவாப்பாவும் 'அங்கிள்'. இப்போது சில வீடுகளில் மீன் கொண்டுவருபவரும் 'அங்கிள்' ஆகிவிட்டார். என் பேத்தி கேட்டாள்: "இங்கிலீஷ்காரங்களுக்கு மாமாவையும் சாச்சாவையும் வித்தியாசம் தெரியாதா?" தெரியும். சொல்ல வேண்டி வந்தால் உம்மாவின் சகோதரர், வாப்பாவின் சகோதரர் என்று நீட்டிச் சொல்வார்கள். அவர்களுடைய சொல் அகலமானது, நம்முடையது கூர்மையானது. அவ்வளவுதான்.

இதைக் கேட்டுத் தமிழ்தான் எப்போதும் கூர்மை என்று யாரும் பெருமைப்பட வேண்டாம். 'பார்' என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதை ஆங்கிலம் மூன்றாகப் பிரிக்கிறது. கடற்கரைக்குப் போகிறோம். தூரத்தில் ஒரு தோணி தானாகக் கண்ணில் படுகிறது, அது 'ஸீ'. யாரோ கூப்பிட, அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறோம், அது 'லுக்'. கரைவலை இழுபட்டு வருவதைக் கண்ணெடுக்காமல் பார்த்து நிற்கிறோம், அது 'வொட்ச்'. அகராதியைப் புரட்டிச் சொல்லியிருந்தால் மூன்றுக்கும் 'பார்த்தல்' என்றே வந்திருக்கும். மணலில் நின்று சொன்னபோது ஐந்து நிமிடத்தில் விளங்கியது.

ஆங்கிலம் அந்நியம் என்ற பயத்தையும் போக்கலாம். 'சுகர்' அறபியின் 'சுக்கர்' என்பதிலிருந்தும், 'கொட்டன்' 'குத்ன்' என்பதிலிருந்தும், 'ஸீரோ' 'ஸிஃப்ர்' என்பதிலிருந்தும் போனவை. 'கட்டமரன்' நம் கட்டுமரம். 'செரூட்' நம் சுருட்டு. நாம் உட்காரும் கதிரையும், போடும் சப்பாத்தும், தின்னும் பாணும் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. கந்தோர் ஒல்லாந்தருடையது. சொற்களும் வியாபாரிகளைப் போலக் கப்பலேறித் திரிந்தவைதான் என்று சொன்னால் பிள்ளைகள் ஆவலோடு கேட்பார்கள்.

பக்கத்து ஊரான காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடிய பணி அது. இரண்டு மொழியையும் ஆழக் கற்றவரால்தான் ஒரு மொழியின் பொருளை மற்றதில் இறக்கிவைக்க முடிந்தது.

நேயர்களே, இது பரீட்சைப் புள்ளிக்கான விடயம் மட்டுமல்ல. 2004 டிசம்பர் 26க்கு முன் 'சுனாமி' என்ற சொல் எங்கள் கரையில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? அது ஜப்பானியச் சொல். துறைமுக அலை என்று பொருள். ஆங்கிலப் புத்தகங்களில் அது எப்போதோ ஏறியிருந்தது. அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலச் சிறுமி நின்றாள். கடல் நுரைத்துக் குமிழியிட்டதைக் கண்டதும் சுனாமி வருகிறது என்று பெற்றோரிடம் கத்தினாள். கரையில் நின்றவர்கள் விலகினார்கள், தப்பினார்கள். இரண்டு வாரத்துக்கு முன் அவளுடைய புவியியல் ஆசிரியர் அந்தச் சொல்லைப் பொருளோடு கற்பித்திருந்தார். வெறும் எழுத்துக்கூட்டலாகப் படித்திருந்தால் அவளுக்கு அது உதவியிராது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் மண்ணுக்குள் போன எங்கள் பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம் அந்த ஆசிரியரையும் நினைக்கிறேன்.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைக்கு எத்தனை ஆங்கிலச் சொல் தெரியும் என்று எண்ணிப் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும். அதைக் கையில் எடுத்துக் காட்டுங்கள்; மணக்கச் செய்யுங்கள்; நடித்துக் காட்டுங்கள். விளங்கியதா என்று கேட்காமல், அந்தச் சொல்லை வைத்து ஒரு வசனம் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் "தெரியாது மகள், தேடிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதில் வெட்கமில்லை.

என் பேத்தி மறுநாள் அந்தப் புள்ளடிக்குக் கீழே இப்படி எழுதிக்கொண்டு போனாள்: "ரைஸ் — அரிசி, சோறு இரண்டும்." டீச்சர் அதற்குச் சரி போட்டு, வகுப்பிலே வாசிக்கவும் சொன்னாராம்.