அளக்கிற கருவியைத் தலைக்குள் வைத்து மூடிவிட்டால்

ஓசூர் சிப்காட்டில் கியூ.சி. வேலை பாக்குறவங்களுக்கு இன்றைய எபிசோட் சட்டுனு புரியும். ஒரு பார்ட்டை அளக்குறதுக்கு முன்னாடி, அளக்கிற கேஜையே சந்தேகப்படணும்னு அவங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த கேஜ் மூளைக்குள்ள போய் உட்கார்ந்தா?

1970-ல் நெதர்லாந்தின் ட்வென்டேயில் பீட் பெர்க்வெல்ட் என்பவர் 'ஐஎஸ்ஃபெட்' சென்சாரை அறிவித்தார். டிரான்சிஸ்டர்தான். ஆனா மேலே இருக்கிற உலோக கேட் கிடையாது. அந்த இடத்தில் திரவம் நேரடியா ஆக்சைடைத் தொடும். அயனி மாறினா கரண்ட் மாறும். நரம்பைச் சுற்றி நடக்கிற அயனி மாற்றத்தை அளக்கணும்னுதான் அவர் அதைச் செஞ்சதே.

டெஸ்டில் முதல் பாதி சுலபம். பிஹெச் 4, 7, 10 பஃபர்களில் மாற்றி மாற்றி முக்கணும். 25 டிகிரியில் ஒரு பிஹெச்சுக்கு அதிகபட்சம் 59 மில்லிவோல்ட் வரும். டான்டலம் ஆக்சைடு பூசின சிப் அதை நெருங்கிடும். இதை மட்டும் காட்டுற டெமோவை நான் நம்புறதில்லை.

அடுத்த பாதிதான் விஷயம். ஒரே பஃபர், ஒரே வெப்பநிலை, இருட்டுப் பெட்டி (வெளிச்சம் பட்டாலும் சிலிக்கான் ரீடிங் காட்டும்). ராத்திரி முழுக்க விட்டுடணும். எதுவுமே மாறலை, ஆனாலும் ரீடிங் மெல்ல நகரும். இதுதான் டிரிஃப்ட். மணிக்கு 1 மில்லிவோல்ட்னு வெச்சுக்கங்க. ஆறு மணி நேரத்தில் 0.1 பிஹெச் மாறின மாதிரி காட்டும். நம்ம ரத்தத்தோட இயல்பான பிஹெச் 7.35-லிருந்து 7.45 வரைதான். அந்த மொத்த அகலமும் ஒரு ராத்திரியில் போச்சு!

லேப்ல இருந்தா வெளியே எடுத்து காலிபரேட் பண்ணலாம். மண்டை ஓட்டுக்குள்ள இருந்தா?

அதனாலதான் இந்த சென்சார் மூளையைவிட பிஹெச் மீட்டரிலும், ஐயான் டாரன்ட் மாதிரி டிஎன்ஏ படிக்கிற சிப்பிலும் நல்லா பிழைச்சது. டிஎன்ஏ சிப் சில மணி நேர வேலை. பிஹெச் திடீர்னு தாவுறதை மட்டும் கவனிச்சா போதும்.

கையால செஞ்சு பாக்க ஆசைப்படுற மாணவர்களுக்கு: அத்திப்பள்ளி தாண்டினா பெங்களூரு. அங்கே ஐஐஎஸ்சி-யின் நானோ மையம், ஐஎன்யூபி திட்டத்தில் வெளிக் கல்லூரிக்காரங்களுக்கும் இடம் கொடுத்திருக்கு.

டிரிஃப்டுக்கு ஒரு வழி, பக்கத்திலேயே பிஹெச்சைக் கண்டுக்காத இன்னொரு சிப்பை வைத்து இரண்டையும் கழிக்கிறது. ஆனா இரண்டும் ஒரே வேகத்தில் நகரணும். மாதக்கணக்கில் அப்படி நகர வைக்கிறதுதான் இன்னும் பிடிபடாத வேலை.