“ஆபத்து” என்று எழுதினால் மட்டும் போதாது
கட்டடப் பரிசோதனையும் நம்முடைய லயங்களும்

(மன்னாரில் நடைபெற்ற சங்கக் கல்வி நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இது நமக்குப் புதிய இடமல்ல. 1820களில் கோப்பித் தோட்டத்துக்கென்று வந்த நம் முன்னோர் இந்தக் கரையில் இறங்கித்தான் மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். 2023இல், இருநூறு வருட நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் மக்கள் மறுபடி நடந்தார்கள். அந்த நடையின் கோரிக்கைகளில் காணியும் வீடும் முன்னால் நின்றன. கொடுப்பதாகச் சொன்ன பேர்ச்சஸ் எத்தனை, கட்டி முடிந்த வீடு எத்தனை என்று ஒவ்வொரு மே தினத்திலும் கேட்கிறோம். இன்றைக்கு நான் பேச வந்தது அதற்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கேள்வி: நாம் படுத்துறங்குகிற வீட்டை யார் பரிசோதிப்பது? பரிசோதித்து எழுதியதற்கு யார் பொறுப்பு?

இந்தக் கேள்விக்கு ஒரு நகரத்தில் பதில் உண்டு. மன்னார் நகரசபை எல்லைக்குள் ஒருவர் வீடோ கடையோ கட்டுவதென்றால் காணி உறுதியும் கட்டட வரைபடமும் வைத்து சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர், நாம் டி.ஓ. என்று சொல்லுகிறவர், நிலத்தைப் போய்ப் பார்ப்பார். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் தூரம் போதுமா, காற்றோட்டம் உண்டா என்று பி.எச்.ஐ. பார்ப்பார். திட்டமிடல் குழு கூடி முடிவெடுக்கும். கட்டி முடிந்த பிறகு மறுபடி பார்த்து இணக்கச் சான்றிதழ் கொடுப்பார்கள். சி.ஓ.சி. என்பது அதுதான். அது இல்லாமல் குடிபுகக் கூடாது என்பது சட்டம். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. 1978இல் வந்த நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம், அனுமதியில்லாக் கட்டடத்துக்கு அறிவித்தல் கொடுத்து, நீதவானிடம் போய் இடிக்கும் உத்தரவு கேட்கிற வழியையும் சேர்த்தது. கடலோரமென்றால் இன்னொரு படியும் உண்டு. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலத்துப் பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும்.

இதெல்லாம் கடதாசி வேலை என்று தோன்றும். ஏன் வேண்டும் என்பதை இங்கே இருந்து தெற்கே அரிப்புக் கடற்கரைக்குப் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். முத்துக்குளிப்பைக் கண்காணிக்க, முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் அங்கே ஒரு மாளிகை கட்டினார். ஊர்க்காரர் அதை அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். கட்டினவர் நாட்டுக்கே ஆளுநர். அவரிடம் அனுமதிப் பத்திரம் கேட்க யார் இருந்தார்கள்? கடல் கேட்டது. கரை அரித்து அரித்து இன்று சில சுவர்கள்தான் மிச்சம். நிலத்தைப் பார்க்காமல் கட்டினால் கட்டினவரின் பதவி அந்தச் சுவரைத் தாங்காது.

மன்னார்த் தீவு மணலும் தட்டையுமான நிலம். இங்கே பரிசோதகர் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தத் தாழ்வில் தேங்குகிறது என்பதை. ஒருவர் தன் வளவை மண் போட்டு உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். மலையில் பார்க்க வேண்டியது சரிவு, மண்ணின் ஈரம், வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்திட்டு, அடைபட்ட கான். 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்தபோது, அதே நாட்களில் அங்கே மலை சரிந்தது, இங்கே வெள்ளம் புகுந்தது. ஒரே மழைதான். கொழும்பில் உட்கார்ந்து ஒரே படிவத்தை இரண்டு இடத்துக்கும் அனுப்பிவிட்டால் காரியம் நடக்காது. நிலத்தைத் தெரிந்த ஆள் உள்ளூர்ச் சபையில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மன்னார் மக்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு தம்பபவனித் திட்டம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதற்குப் போட்ட பாதைகளும் அடித்தளங்களும் மழைநீர் வடிகிற வழியை மறிக்கின்றன என்பது இங்குள்ளவர்களின் முறைப்பாடு. மேலும் காற்றாலைகள் வரக்கூடாதென்று 2025இல் அவர்கள் தெருவில் இருந்து போராடினார்கள். மீனவரின் வாடிக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்கிற அதே சட்டம், பெரிய திட்டம் வரும்போதும் அதே குரலில் கேட்க வேண்டும் என்பதுதான் அந்தப் போராட்டத்தில் நான் கேட்ட நியாயம்.

இனி நம் பக்கம் வருவோம்.

பெரும்பாலான தோட்டங்களில் லயத்தைக் கட்டினது நிர்வாகம், திருத்துவது நிர்வாகம், “நன்றாக இருக்கிறது” என்று சொல்வதும் நிர்வாகம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டக் குடியிருப்புக்குச் சபை நிதியைச் செலவிட முடியாது என்று முப்பது வருடம் சொன்னார்கள். நாம் வாக்குப் போட்டோம், நம் ஆட்கள் உறுப்பினரானார்கள், ஆனாலும் சபையின் கை தோட்ட எல்லைக் கல்லோடு நின்றது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. கதவு திறந்தது உண்மை. ஆனால் அந்தக் கதவு வழியாக டி.ஓ. எத்தனை லயத்துக்கு வந்து போயிருக்கிறார் என்று உங்கள் தோட்டத்தை வைத்து நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பரிசோதனையே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சில வேளை நடந்திருக்கிறது. அதுதான் இன்னும் வேதனை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களின்மேல் மலை சரிந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரம். திரும்பி வந்த பிள்ளைகளில் சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆள் வந்து பார்த்தார், மண்ணைச் சோதித்தார், “ஆபத்து” என்று எழுதினார். அதற்குப் பிறகு அந்தக் கடதாசி யாருடைய மேசைக்குப் போக வேண்டும், எத்தனை நாளைக்குள் யார் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் யாரைக் கேட்பது என்பதற்கு ஒரு ஒழுங்கு இல்லை. அறிக்கைக்கும் சரிவுக்கும் இடையில் ஒன்பது வருடம் இருந்தது.

ஆகவே ஒரு சபையில் கட்டடப் பரிசோதனைப் பிரிவை நடத்துவது என்றால், பரிசோதகரை அனுப்புவதோடு வேலை முடியாது. அவர் எழுதியது நடந்ததா என்று பார்க்கும் வரை அந்தப் பிரிவின் வேலை இருக்கிறது. அப்படியொரு பிரிவுக்கு என்னென்ன வேண்டும் என்று நாம் தெரிந்து வைத்திருந்தால்தான் கேட்க முடியும்.

முதலாவது, பதிவேடு. செக்ரோலில் பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை என்பது நமக்குத் தெரியும். கட்டடப் பதிவேட்டில் இல்லாத லயத்துக்கும் அதே கதி. எந்தப் பிரிவில் எந்த லயம், எந்த வருடம் கட்டியது, எத்தனை காம்பரா, எத்தனை பேர், கடைசியாக எப்போது பார்த்தார்கள், என்ன எழுதினார்கள் என்று வரிசையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, முந்துவது எது என்ற முடிவு. ஒரு சபையில் டி.ஓ. ஒருவரோ இருவரோதான் இருப்பார். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் பார்க்க முடியாது. விண்ணப்பக் கட்டணம் கட்டின கடைக்காரரின் கோப்பு மேலே வரும், கட்டணம் கட்டாத லயம் கீழே போகும். அதை மாற்றிப் பிள்ளைக் காம்பரா, பள்ளிக்கூடம், சரிவுக்கு அடியில் இருக்கிற லயம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அதுவும் மழைக்கு முந்திய மாதங்களில்.

மூன்றாவது, இரண்டாம் வருகை. நான் படிப்பிக்கிற பகுதியில் ஒரு தோட்டம், பேர் வேண்டாம். லயத்தின் பின்சுவர் விரல் போகிற அளவுக்கு வெடித்திருந்தது. அம்மாமார் ஒபிசில் சொன்னார்கள். ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், போனார். என்ன முடிவு என்று கேட்டால், வந்தவர் யார் என்றே ஒபிசில் யாருக்கும் தெரியவில்லை. இப்படிப்பட்ட வருகையால் பயனில்லை. வந்தவர் பேர், பதவி, திகதி, கண்டது, செய்ய வேண்டியது, மறுபடி வரும் திகதி, இவ்வளவும் எழுத்தில், தமிழில், குடியிருப்பவர் கையில் ஒரு பிரதியாக இருக்க வேண்டும்.

நான்காவது, கை சுத்தம். வரைபடம் கீறிக் காசு வாங்குகிறவரும் அதை அங்கீகரிக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. கட்டினவரிடம் சம்பளம் வாங்குகிறவர் கட்டடத்துக்குச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது. விண்ணப்பத்தை மறுத்தால் எந்த விதிப்படி என்று எழுதித் தர வேண்டும். காரணம் எழுதாத இடத்தில்தான் கையூட்டு நுழைகிறது.

“இதெல்லாம் சபையின் வேலை, சங்கத்துக்கு என்ன?” என்று ஒரு தோழர் காலையில் கேட்டார். பங்களாதேசைப் பாருங்கள். 2013 ஏப்ரல் 24ஆம் திகதி டாக்காவுக்கு அருகே சாவாரில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்தது. இறந்தவர்கள் 1,134 பேர். மிகப் பெரும்பாலானோர் ஆடைத் தொழிலாளர். மேல் மாடிகள் அனுமதியில்லாமல் ஏற்றப்பட்டவை. முதல் நாளே தூண்களில் வெடிப்பைக் கண்டார்கள். கீழ் மாடியில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்றது. ஆடைத் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த மாதமே உலகத் தொழிற்சங்கங்களும் ஆடை வாங்குகிற கம்பனிகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சட்டப்படி கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம். சுதந்திரமான பொறியியலாளர்கள் தொழிற்சாலைகளைப் பரிசோதித்தார்கள். அறிக்கைகள் எல்லோரும் வாசிக்கும்படி வெளியாகின. ஆபத்தான கட்டடத்துக்குள் வேலைக்குப் போக மறுக்கும் உரிமையும் அதில் எழுதப்பட்டது. அதைக் கொண்டு வருவதில் சங்கங்கள் மேசையின் ஒரு பக்கத்தில் இருந்தன. கட்டடப் பரிசோதனையும் சம்பளத்தைப் போல ஒரு கூட்டு ஒப்பந்த விடயமாக முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஒரு பயம் நமக்குள் இருக்கிறது. அதை மறைக்க வேண்டாம். பரிசோதகர் வந்து “இது ஆபத்து” என்று எழுதினால், அதைக் காட்டியே நம்மை வெளியே போடுவார்கள்; காணி போகும், வேலை போகும், பிள்ளையின் பள்ளிக்கூடம் போகும். முன்பக்கம் சொந்தக் காசில் இறக்கிக் கட்டின குசினியை “அனுமதியில்லை” என்று உடைப்பார்கள். இந்தப் பயம் நியாயமானது. கையில் உறுதி இல்லாதவனுக்குச் சட்டம் எப்போதும் பின்பக்கத்தையே காட்டி வந்திருக்கிறது. ஆனால் பயத்தில் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மிஞ்சுவது மீரியபெத்தைதான். நாம் கேட்க வேண்டியது இரண்டையும் சேர்த்து: ஆபத்து என்று எழுதுகிற அதே கடதாசியில் மாற்று இடம் எது, எந்தத் திகதிக்குள், யார் பொறுப்பு என்றும் எழுத வேண்டும். குசினியில் குறை இருந்தால் முதலில் திருத்தக் கால அவகாசமும் ஆலோசனையும் தர வேண்டும். உடைப்பது கடைசி. நிரந்தரக் காணி உரிமை இல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது என்பதையும் ஒவ்வொரு மனுவிலும் சேர்த்தே எழுதுவோம்.

ஊருக்குத் திரும்பியதும் செய்யக்கூடிய சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வாங்குங்கள். லயம் லயமாக, காம்பரா காம்பராவாக எழுதுங்கள்: கூரைத் தகரம், சுவர் வெடிப்பு, பின் மண்திட்டு, கான், மலசலகூடம். படிக்கிற பிள்ளைகள் எழுதித் தருவார்கள், போனில் படமும் எடுப்பார்கள். தலைவிமார் முன்னால் நில்லுங்கள். மழை இரவில் எந்த மூலை ஒழுகுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் கொப்பியின் பிரதியோடு பிரதேச சபைத் தவிசாளருக்கும் செயலாளருக்கும் கடிதம் கொடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். 2025 மே மாதம் நாம் வாக்களித்துத் தெரிந்த உறுப்பினர்கள் அதைச் சபையில் பேச வேண்டும். உங்கள் தோட்டத்தைப் பற்றிய மண்சரிவு அறிக்கை ஏற்கெனவே இருக்கிறதா என்று தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அந்த உரிமையை நமக்குத் தந்திருக்கிறது. புதிய வீடு கட்டிக் கொடுக்கும்போது சாவியை மட்டும் வாங்காதீர்கள். நில அறிக்கையும் இணக்கச் சான்றிதழும் எங்கே என்று மேடையிலேயே கேளுங்கள். ரிபன் வெட்ட வந்தவர் கோபித்தால் கோபிக்கட்டும்.

நம் பையன்கள் பலர் கொழும்பிலும் இங்கேயும் கட்டட வேலை செய்கிறார்கள். ஊரார் வீட்டுக்குக் கம்பி கட்டி, கொங்கிறீட் போட்டு, அதைப் பரிசோதகர் வந்து பார்ப்பதையும் பார்த்திருக்கிறார்கள். தன் அம்மா படுக்கிற காம்பராவை யாரும் பார்த்ததில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களையும் இந்த வேலைக்குக் கூப்பிடுங்கள். அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது சந்தாப் புத்தகத்தோடு இந்தக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். எத்தனை லயம் எழுதியாயிற்று என்று அங்கே ஒவ்வொரு தோட்டமாகக் கேட்போம்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்கட்டும்.